எரித்த கல்லில் குறையும் எடை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரம்பலூரில் வேதியியல் படித்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா கல் உடைத்த ஊரில் நான் கல்லைச் சோதிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து எடைபோட்டு உலையில் வைப்பேன். வெளியே எடுத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். மற்றது கரியமில வாயுவாகப் போயிருக்கும். கல்லூரியில் அது வெறும் சமன்பாடு. இந்த மண் கடலாக இருந்த காலத்தில் சிப்பிகளும் நத்தைகளும் ஓட்டுக்குள் பூட்டிவைத்த மூச்சு அது என்று ஒருநாள் தோன்றியது. அதன்பின் உலைக்கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆலையில் நெட் ஜீரோ பற்றி வகுப்பு எடுத்தார்கள். வானத்துக்கு விடும் கரியமில வாயுவை முடிந்தவரை குறைக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவையும் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள், சூரிய மின்சாரம் என்றார் அதிகாரி. கல்லிலிருந்தே வருவதை என்ன செய்வது என்று கேட்டேன். அதைப் பிடித்து மண்ணுக்கடியில் அடைக்க வெளிநாடுகளில் முயல்கிறார்கள், இங்கே வர நாளாகும் என்றார்.

அந்த வாரம்தான் என் சம்பளத்தில் கட்டிவந்த வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட நாள் குறித்திருந்தோம். அம்மா பிறந்ததிலிருந்து கீற்றுக்குக் கீழே இருந்தவள். ஓடு போட்டால் போதாதா என்று கேட்டு, காரணத்தையும் விளக்கினேன்.

கொத்தனார் சிரித்தார். "சிமெண்டு கம்பெனியில சம்பளம், வூட்டுக்கு ஓடா? நல்லாருக்கு பாப்பா."

அம்மா சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் மூட்ட மூட்டயா போனப்ப ஒண்ணும் சொல்லல. நம்ம தலைக்கு மேல தளம் வர்றப்பதான் ஒனக்கு வானம் ஞாவகம் வருதா?"

நான் சொன்ன கணக்கு சரிதான். அதை அம்மாவிடமிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

தளம் போட்டோம். நானும் வரிசையில் நின்று கலவைச் சட்டி கைமாற்றினேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மத்தியானம் அம்மா நடுவீட்டில் பாய் விரித்து அசையாமல் தூங்கினாள். மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. இந்தத் தளத்துக்காக எரிந்த கல்லின் மூச்சு, என் ஆயுளுக்குப் பிறகும் மேலே அலையும். மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கண் விழித்தாள். "என்னத்தடி மேலயே பாக்குற? ஒழுகுதா?"

"இல்லம்மா. நீ தூங்கு."