சீல் அக்காவின் விண்ணப்பம்

பல்கலைக்கழகத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில், விண்ணப்பம் வாங்கும் சன்னலில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் சீல் அக்கா என்பார்கள். பேராசிரியர் வேலையோ தோட்டக்காரர் வேலையோ, அவள் சரிபார்த்துத் தேதி முத்திரை குத்தினால்தான் காகிதம் உள்ளே போகும். எத்தனையோ பேர் அப்படிப் போய் நிரந்தரமானார்கள். அவள் மட்டும் தற்காலிகம்.

இந்த வருஷம் ஒருவழியாக அவள் நாற்காலிக்கே விளம்பரம் வந்தது. தட்டச்சு செய்ததும் அவள்தான். அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

"நீ பாக்குற வேலைக்கு நீயே எதுக்கு அப்ளிகேஷன் போடணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அதை அவங்களைப் போய்க் கேளுங்க."

தன் விண்ணப்பத்தைத் தானே வாங்கக் கூடாதென்பது விதி. கண்காணிப்பாளர்தான் வாங்க வேண்டும். அந்த மகானோ பத்து நாளாக "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றே ஓட்டினார். கடைசி நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் நாலேகாலுக்குக் கூட்டம் ஓய்ந்ததும் அவள் எழுந்தாள், சுற்றிக்கொண்டு வெளியே போய்ச் சன்னலுக்கு முன்னால் நின்றாள். வேறு வழியில்லாமல் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சீல் எங்கம்மா?"

"வலது டிராயர்ல சார்."

அவள் எழுதி வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து, அன்றைக்கென்று பார்த்து வரிவரியாகப் படித்தார்.

"அனுபவச் சான்றிதழ் இல்லையே."

"நீங்கதான் சார் தரணும். மூணு தடவை கேட்டு எழுதிக் குடுத்தேன்."

"இனிமே தந்தா ஏழு வேலை நாள் ஆகும்."

"ஒன்பது வருஷமா உங்க கண்ணு முன்னாடிதானே சார் உக்காந்திருக்கேன்."

"இருக்கலாம்மா. அதுக்குக் காகிதம் வேணும்ல."

சன்னல் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இந்த ஆளுக்குத் தேநீர் வந்ததா என்றுகூடத் தினமும் விசாரித்த நாக்கை என்ன செய்வது.

"சரி சார். காகிதம் வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன். இப்ப நானும் விண்ணப்பதாரர்தான்."

அதற்குள் அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். "அஞ்சு மணிக்கு மூடிடுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். மணி நாலே முக்கால். அத்தனை பேரையும் தனியே சமாளிக்க வேண்டும் என்று நினைத்ததுமே கண்காணிப்பாளருக்கு வியர்த்தது. அலுவலகத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நின்றார்.

"உங்க பேர் என்னம்மா?"

அவள் சொன்னாள். அவர் தப்பாக எழுதியதைத் திருத்தியும் சொன்னாள். ஏழு வேலை நாள் நாலு நிமிஷத்தில் முடிந்து, முத்திரை விழுந்தது.

அவள் உள்ளே வந்து அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பதினோரு பேரும் அந்த நாற்காலிக்குத்தான் விண்ணப்பம் போட வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாங்கினாள். கடைசியாக வந்த பெண் கையெழுத்துப் போட மறந்திருந்தாள். மணி நாலு ஐம்பத்தெட்டு. சீல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.