பெல்சி வக்கீலம்மா கேட்ட ஒரே கேள்வி

காரைக்குடியில் பெல்சி வக்கீலம்மாவின் ஆபீசுக்கு நாங்கள் முதல்முதல் போன அன்று, குமாஸ்தா காளிராஜ் வக்காலத்துத் தாளோடு கைநாட்டு வைக்க மைப்பெட்டியையும் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் சோணைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கொத்தனாராக இருந்தவர். லாரி மோதியதில் வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. மைப்பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

வக்கீலம்மா அதைக் கவனித்துவிட்டார். "காளி, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பினார். மைப்பெட்டியை மேசைக்குள் தள்ளினார். பேனாவை இவருடைய இடது கைப்பக்கம் வைத்துவிட்டு, பீரோவில் எதையோ தேடுகிறவர் போலத் திரும்பி நின்றுகொண்டார். இவர் கோணல்மாணலாகப் பெயரை எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அதுவரை அவர் திரும்பவே இல்லை.

அங்கே எந்நேரமும் ஐம்பது அறுபது விபத்து வழக்குகள் இருக்கும். வேலைக்கு மூன்று பேர். வந்தவர்களை வழக்கு நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

சாட்சி சொல்லும் நாளைக்கு, "கோர்ட்டுக்கு நல்லா உடுத்திட்டு வாங்கண்ணே" என்று காளிராஜ் நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தார். முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டேன். கை மறைந்துபோனது.

கூண்டில் ஏறியவரிடம் இன்சூரன்ஸ் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். "இப்ப எப்படி இருக்கீக?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்யா" என்றார் இவர், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.

"அப்ப வேலை பார்க்கலாம். வேற கேள்வி இல்லை."

எங்கள் பிழைப்பே போனது என்று கண்ணாத்தாள் அம்மனைக் கும்பிட்டபடி பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலம்மா எழுந்தார். "இந்தச் சட்டைக்கு யாருண்ணே பொத்தான் போட்டது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா அவசரப்படுத்தவில்லை.

"எம் பொஞ்சாதி அம்மாக்கண்ணுதான். ஒன்றரை வருசமா அவதான் போட்டுவிடுறா."

நீதிபதி சட்டைக்கையை மடிக்கச் சொல்லிப் பார்த்து, எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. "வீட்டுல நூறு வலி சொல்லுவீக. இங்க வந்து நல்லா இருக்கீகளாக்கும்."

காளிராஜ், "என் தப்புதான் மேடம்" என்றார்.

"விடுங்க காளி. அந்தச் சட்டை இல்லாட்டி நான் எதைக் கேட்டிருப்பேன்?"

ஆத்தா கைவிடவில்லை, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கோயில் பிரசாதத்தோடு போனபோது, வக்கீலம்மா மதுரைக்கு ஆபீசை மாற்றுவதற்காகக் வழக்குக் கட்டுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏசுவைக் கும்பிடும் வேதக்காரராக இருந்தும் இரண்டு கையாலும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார். வாசல் வரை வந்து இவரிடம் சொன்னார்:

"இனிமே யாரு கேட்டாலும் தாராளமா நல்லா இருக்கேன்னு சொல்லுங்கண்ணே."