வாழைத் தோட்டத்தில் கசிந்த எண்ணெய்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வாழைத் தோட்டத்துக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய் ஒருநாள் வெடித்து, மண்ணெல்லாம் கறுத்துவிட்டது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் வேலி போட்டுவிட்டுப் போனார்கள். வாடை தாங்காமல் நானும் பிள்ளைகளும் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தோம்.

பக்கத்து நிலத்துக்காரர் காதரின் குளத்துக்கும் எண்ணெய் பாய்ந்து, அவர் வளர்த்த மீன்களெல்லாம் செத்து மிதந்தன. அவர் எங்கள் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்ததும், சண்டைக்குத்தான் வருகிறார் என்று கதவைத் தாழிட்டேன்.

"கதவத் தொறங்க லா, அக்கா! இந்த வாடையில புள்ளைங்க எப்படித் தூங்கும்? எங்க வீட்டுக்கு வாங்க."

"உங்க மீனெல்லாம்..." என்றபடி கதவைத் திறந்தேன்.

"நீங்களா குழாய ஒடைச்சீங்க? கெளம்புங்கக்கா."

வேலி இன்னும் நிற்கிறது. நிலத்தை விற்கவும் முடியவில்லை, அதில் ஒரு கன்று நடவும் முடியவில்லை. ஆனால் நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி வாசலில் நான் தனியாக நிற்பதில்லை; காதரும் கூட வந்து நிற்கிறார்.