நாலு முக்கிலும் ஒத்தடம்

டவுண் கோயில் தேரை ஆயிரம் பேர் இழுப்பார்கள். தெரு முக்கில் அதைத் திருப்புவது என்னவோ சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை கொடுக்கிற ஒருவர்தான். பதினெட்டு வருஷமாக அவர் பூதலிங்கம். மற்ற நாட்களில் மரக்கடையில் சுமை தூக்குவார். குனிந்து கட்டையைக் கொடுத்த மறுகணம் கையையும் காலையும் உருவிவிட வேண்டும், பிந்தினால் போச்சு. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நகம்கூட இழக்கவில்லை. ஊருக்கு அதன் அருமை எங்கே தெரிகிறது?

தொண்ணூற்று நான்கில், தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது, தேக்கு மரம் தூக்கப்போய் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மனிதர் செய்த அசட்டுத்தனம், தேர் விரதத்தில் காய்ந்துகிடந்த வயிற்றில் வலி மாத்திரைகளைப் போட்டதுதான். வலி குறைந்தது. ஆனால் வயிறு எரிந்தது, கண்ணைச் சொருகியது. தெருவில் சைக்கிள் வந்து இடிக்கும்வரை அது வருவதே அவருக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடை தேவதாசன் தலையில் அடித்துக்கொண்டார்.

“வே, சாப்பிட்டுட்டுல்லா போடச் சொன்னேன்! அதுல ஒண்ணு சதை இறுக்கத்துக்கு உள்ளது. தூக்கம் வரத்தான் செய்யும்.”

“விரதத்த விடமாட்டேன் அண்ணாச்சி. தூக்கக் கலக்கத்துல சக்கரத்துக்கிட்ட நிக்கவும் முடியாது.”

“அப்போ சூடா ஒத்தடம் கொடும். பைய நடந்துக்கிட்டே இரும்.”

மனைவி நீலாம்பாள் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். சூடு இருக்கும்வரை இடுப்பு சொன்னபடி கேட்டது, ஆறினால் மறுபடி முறுக்கியது. தேருக்கு முந்தின நாள் அவரால் குனிய முடிந்தது. ஆனால் அது ஒரு மணி நேரம்தான் தாங்கியது.

“இந்த வருஷம் வேற ஆள விடுங்களேன்.”

“பழக்கமில்லாதவன் காலு போச்சுன்னா எனக்கு எப்படிளா உறக்கம் வரும்?”

தேரன்று காலையில் நீலாம்பாள் ஸ்டவ், இரும்புச்சட்டி, உப்போடு புறப்பட்டுவிட்டாள். தேருக்கு முன்னாலேயே போய், ஒவ்வொரு முக்கிலும் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து உப்பை வறுத்தாள். தேர் நிற்கும்போதெல்லாம் பூதலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினார்.

“சாமிக்குத் தீபாராதனை, அண்ணாச்சிக்கு ஒத்தடமா?” என்று வடம் பிடித்தவர்கள் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசி முக்கில் தேர் சட்டென்று ஜவுளிக்கடைப் பக்கம் சாய்ந்து போனது. படியெல்லாம் பெண்களும் பிள்ளைகளுமாக நின்றார்கள். பூதலிங்கம் குனிந்தார். இடுப்பில் சுரீர் என்றது. ஆனாலும் கண் தெளிவாக இருந்தது. கட்டையைக் கொடுத்துக் காலை உருவினார். சக்கரம் முனகி ஏறித் திரும்பியது. கடைப் படிக்கும் தேருக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. என்ன மனிதர் அவர்!

தேர் நிலைக்கு வந்ததும் ஆட்கள் அவரைத் தூக்க வந்தார்கள். அவர் விலக்கிவிட்டு நீலாம்பாளைத் தேடிப் போனார். அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். பிடித்து விரித்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். அவர் தோல் தாங்குமா என்று ஒவ்வொரு முறையும் சூடான உப்பு முடிச்சைத் தன் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இடுப்புக்கு அழாதவர் நடுத் தெருவில் விம்மி அழுதார்.

“சும்மா இருங்க, ஆளுவ பாக்காவ.”

“பாக்கட்டும்ளா” என்றார்.