பாப்பாவுக்குப் பால் தெளித்த நாள்

வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலேயே கங்காணியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அப்படிப்பட்டவள் ஓர் எட்டுக்கால் பூச்சியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கொஞ்சினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கொஞ்சத்தான் செய்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் தொழிலாளர் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்கான செம்பனை நட வந்தார்கள். ஒரு மரம் வேரோடு சாய்ந்தபோது குழியிலிருந்து அது வெளியே வந்து விழுந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் கருமயிர். ஆண்கள் மண்வெட்டியை ஓங்கினார்கள். வீரம்மா குனிந்து கையை நீட்டினாள். அது மெதுவாக ஏறி உட்கார்ந்துகொண்டது, கடிக்கவில்லை.

"தள்ளுங்கடா! அதுக்கும் வீடு போச்சு, எனக்கும் வீடு போச்சு," என்று பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளையும் தங்கவில்லை. ஈப்போ டவுனுக்கு வந்து புந்தோங் பகுதியில் ஒரு பின்கட்டு அறையில் குடியேறினாள். ஷரபுதீனின் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவும் வேலை. டின்னில் ஈரமண் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, 'பாப்பா' என்று பேரும் வைத்தாள். வேலை முடிந்து வந்ததும் பாப்பாவைக் கையில் விட்டுக்கொண்டு அன்றைய சண்டையெல்லாம் சொல்லுவாள். கேட்க வேறு நாதியில்லை, பாவம்.

"ஏங்க்கா, வளக்க ஒங்களுக்குப் பூனை கெடைக்கலயா லா?" என்பார் ஷரபுதீன்.

"பூனை ஒங்க கடை மீனத் திங்கும். பாப்பா ஒங்க கடைக் கரப்பானத் திங்குது. அதுக்கும் சேத்து நீங்க சம்பளம் கொடுக்கணும் மொதலாளி!"

அடுத்த வருஷம் ஒரு சமயம் சில நாளாகப் பாப்பா தீனியைத் தொடவில்லை. கரப்பான் மேலே ஏறினாலும் பேசாமல் இருந்தது. வீரம்மா கோயில் திருநீற்றை டின்னைச் சுற்றிப் பூசினாள். ஒரு நாள் காலை மூடியைத் திறந்தால், எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு பாப்பா மல்லாந்து கிடந்தது. தொட்டாள். அசைவில்லை.

மனுஷருக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். நெற்றி எதுவென்று தெரியாமல் நெஞ்சில் பொட்டு வைத்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, எறும்பு ஏறிவிடக் கூடாதே என்று இறுக்கி முடிச்சுப் போட்டு, கொல்லையில் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள்.

மறுநாள் பால் தெளிக்க வேண்டுமே. கடையில் அரை கிளாஸ் பால் கேட்டாள். ஷரபுதீன் சிரிக்காமல் ஊற்றிக் கொடுத்தார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஹுசைன்தான் பால் எதற்கென்று விசாரித்தான்; பாப்பா செத்ததைச் சொன்னாள். அவன் தாப்பாக்காரன், பட்டாம்பூச்சியும் வண்டும் பிடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மலையேறும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பவன்.

"கால உள்ளுக்குச் சுருட்டிக்கிட்டுக் கெடந்துச்சாக்கா?"

"இல்ல தம்பி. நல்லா விரிச்சு, மல்லாக்கக் கெடந்துச்சு."

ஹுசைன் கிளாஸைக் கீழே வைத்தான். "செத்தா கால் சுருண்டுக்கும்க்கா. தோல் உரிக்கத்தான் மல்லாக்கப் படுக்கும். ஆடாது, அசையாது. தொடாம விட்டா தானா எந்திரிச்சிடும்."

வீரம்மா ஓடினாள். பால் வழியெல்லாம் சிந்தியது. வெறுங்கையால் மண்ணைப் பறித்தாள். முடிச்சு ஈரத்தில் இன்னும் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே பழைய தோல் பிளந்து கிடந்தது. அதிலிருந்து வெளுத்த புதுக் கால்கள் பாதி வெளியே வந்து, துணியில் முட்டி, மடங்கி நின்றுவிட்டிருந்தன. ஊதிப் பார்த்தாள், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இப்போது உண்மையாகவே உயிரில்லை.

"நீ எந்திரிக்கத்தானே பாத்த பாப்பா... நாந்தானே கட்டிப் போட்டுட்டேன்!" என்று மண்ணில் உட்கார்ந்து அலறினாள். கிளாஸில் மிச்சமிருந்த பாலை ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை.