ஐந்தாம் மாதத்துப் பரிசோதனை

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கழிவறை உண்டு. அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மாதம் ஒருமுறை என் வீட்டுக்காரர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு அதற்குள் போவார். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் கூடவே போய் நிற்பார். நான் வராந்தாவில் உட்கார்ந்து, சிறுநீர் சரியாக வர வேண்டுமே, டப்பா மாறிவிடக் கூடாதே, பெயர் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருப்பேன்.

பயப்படுவது என் சுபாவம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தெரியாத விஷயம் எல்லாமே எனக்குப் பயம்தான். இதை வாசிக்கிறவர்களில் சிலர், சாராயம் சிறுநீரில் எத்தனை நாள் தெரியும் என்று போனில் தேடிப் பார்த்தவர்களாக இருப்பீர்கள். நானும் தேடினேன். எனக்குக் கிடைத்த பதில் சரியான பதில்தான். ஆனாலும் அது உதவவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் செல்வராஜ். சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்தில் தறி ரிப்பேர் பார்த்தார். இருபது வருஷம் குடித்தார். ஒருநாள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வயிறு உப்பிக் காலும் வீங்கியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. கல்லீரல் சுருக்கம் (ஈரல் தழும்பேறி இறுகிப் போவது) என்றார்கள். வயிற்றில் இருந்தது மகோதரம் (வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்வது). ஈரல் மாற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள்.

என் ரத்த வகை பொருந்தியது. ஸ்கேன் எடுத்து, என் ஈரலில் வலது பக்கத்துப் பாகத்தை எடுத்து அவருக்கு வைக்கலாம், மிச்சம் உள்ளது சில மாதத்தில் எனக்கு வளர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு நிபந்தனை. ஆறு மாதம் அவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. மாதாமாதம் சிறுநீரில் பார்ப்பார்கள். ஒருமுறை தென்பட்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

“நாலு நாள் முன்னாடி குடிச்சா தெரியாதுன்னு யாராவது சொல்வாங்க. நம்பாதீங்கம்மா” என்றார் டாக்டரம்மா. சாதாரணமாகச் சாராயம் சிறுநீரில் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள் தெரியும். ஆனால் இவர்கள் பார்ப்பது இ.டி.ஜி. (சாராயத்தை ஈரல் உடைத்த பிறகு உடம்பில் தங்கும் எச்சம்). அது மூன்று நாள் வரை காட்டும். நிறையக் குடித்தவருக்கு ஐந்து நாள்கூடக் காட்டலாம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் கூடும். தண்ணீர் குடித்தோ எலுமிச்சை பிழிந்தோ அதைக் கழுவிவிட முடியாது. இதை ஒரு தாளில் எழுதி, சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து புளித்தது, நுரைத்தது எதைப் பார்த்தாலும் எனக்குச் சாராயமாகவே தெரிந்தது. பழைய சோற்றை நிறுத்தினேன். இட்லி மாவு பொங்கினால் அவருக்கு ஊற்றமாட்டேன். இருமல் மருந்தைத் தூக்கி எறிந்தேன். சர்ச்சில் திருவிருந்து அன்று ஐயரிடமே (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) போய், என் வீட்டுக்காரருக்கு அப்பம் மட்டும் கொடுங்கள், ரசப் பாத்திரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வெறும் திராட்சரசம்தான் அம்மா என்றார் ஐயர். அப்படியும் வேண்டாம் என்றேன்.

அவர் பாத்திரத்தைத் தாண்டிப் போவதைச் சபையே பார்த்தது. வெளியே வந்ததும் முதல் வரிசை அக்கா ஒருத்தி, “என்ன மேரி, ஒங்க வீட்டுக்காரரு மறுபடி ஆரம்பிச்சிட்டாரோ? கர்த்தர் பந்தியிலயே கூசுதாரு” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார்.

“ஏட்டி, சாத்தான் குடுத்தத நானே விட்டேன். கர்த்தர் குடுத்தத நீ புடுங்கிட்ட. இனி மாவு பொங்குனா போலீசுக்குப் போன் போட்டுருவ போலிருக்கே” என்றார்.

நான்கு மாதம் சுத்தமாக வந்தது. நான்காவது முறை டாக்டரம்மா அவர் தோளில் தட்டினார். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவார். தோளெலும்பு தெரிந்தது. ஆப்பரேஷனைத் தாங்க உடம்பு வேண்டுமே என்பது என் அடுத்த பயம். நாட்டு மருந்துக் கடையில் போய், பசிக்கு ஏதாவது உண்டா, ஈரலுக்கு ஒன்றும் செய்யாதே என்று கேட்டேன்.

“பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கதுதான் அக்கா. பச்ச உடம்புக்கே ஒண்ணும் செய்யாது, அண்ணாச்சிக்கு என்ன செய்யப்போவுது?” என்றார் கடைக்காரர்.

தசமூலாரிஷ்டம். மகள் எஸ்தர் பிறந்தபோது நானும் குடித்ததுதான். அதனால் இதற்கு மட்டும் நான் பயப்படவில்லை. காலையில் இரண்டு மூடி, சாயங்காலம் இரண்டு மூடி கொடுத்தேன். அவர் முகம் சுளிக்காமல் குடித்த ஒரே மருந்து அது. பசியும் கொஞ்சம் எடுத்தது. ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு மதுரை பஸ் ஏறும் முன்கூட, வெறும் வயிற்றோடு போகவேண்டாம் என்று இரண்டு மூடி கொடுத்துத்தான் கூட்டிப்போனேன்.

நான்காம் நாள் போன் வந்தது. எச்சம் தெரிகிறது என்றார்கள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கே குடித்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் குடிக்கல ட்டி.”

“யார் வாங்கிக் குடுத்தா? தறிக்கூடத்துப் பயலுவளா?”

“சத்தியமா குடிக்கல மேரி. எங்கன போனேன் நான்? ஒன் கண்ணு முன்னாலதான கெடக்கேன்.”

“இருவது வருசமா இந்தச் சத்தியத்ததான கேக்கேன். என் ஈரல அறுத்துக் குடுக்கதுக்கு நான் நிக்கேன், நீங்க என்ன செஞ்சிட்டு வந்திருக்கிய?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் நான் சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேனே தவிர, வாய் திறக்கவில்லை. மருந்தை மட்டும் மறக்காமல் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் படிக்கும் மகள் எஸ்தர் வந்தாள். அவர் சாப்பிட்டது எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அலமாரியில் இருந்த ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவள், அந்தப் பாட்டிலைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யம்மா, இதுல ஆல்கஹால் போட்டிருக்கே.”

“மருந்துல எவன் ஊத்துவான் சாராயத்த?”

“யாரும் ஊத்தல. புளிக்கவச்சுச் செய்ததுல்லா, தானா உண்டாவும். பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கு.”

அந்தப் பாட்டிலை நான் எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். தமிழில் இருந்த பெயரும் படமும்தான் எனக்குத் தெரியும்.

அவரிடம் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் அப்போதும் எனக்குப் போகவில்லை, அதையும் கேட்டேன்.

“தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மூடி கேட்டிருப்பேன்லா” என்றார். பிறகு, “நானே ஊத்திக் குடிச்சது இருவது வருசம். நீ ஊத்திக் குடுத்தது கொஞ்ச நாளு. அத விடு. நீ நம்பலியே மேரி, அதுதான்” என்றார்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா நம்பினார். “உங்க மேல தப்பு சொல்லல. ஆனா இதை மட்டும் வச்சு, ஈரல் மாத்துறதை முடிவு பண்ற குழு ஒத்துக்காது. இனி வாரத்துக்கு ஒண்ணா, மூணு தடவ சுத்தமா வரட்டும். நான் பேசுறேன்” என்றார். எங்களை யாரும் விரட்டவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் வாரம் சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாம் வாரம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். பிறகு சிறுநீர் நின்றது. எதற்காக மாதாமாதம் வராந்தாவில் காத்துக் கிடந்தேனோ, அது ஒரு சொட்டு வராதா என்று படுக்கைப் பக்கத்தில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது ரிப்போர்ட்டும் சுத்தம்தான். அதைச் சொல்லும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த நிலையில் ஆப்பரேஷன் முடியாதும்மா என்றார். ஆறு நாள் கழித்து அவர் போனார். அதற்கு முன் ஒருமுறை கண் திறந்தார். உங்களை நம்புகிறேன் என்று காதில் சொன்னேன். ஈரல் கெட்டால் நஞ்சு மூளைக்கு ஏறி ஆளை மயக்கிவிடும். அது அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மருந்து என்று பெயர் உள்ள எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். எழுத்துத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். இதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

மூன்று நாள், ஐந்து நாள் என்று உடம்பிலிருந்து போய்விடும் பொருளைப் பற்றி அவ்வளவு படித்துவிட்டேன். மனதில் தங்கியது எத்தனை நாளில் போகும் என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எனக்குக் காலை, சாயங்காலம் என்று அந்த மருந்தை ஊற்றிய இரண்டு வேளைதான் நாளில் இருக்கிறது. நடுவில் உள்ள நேரம் கணக்கில் வருவதில்லை. வலது விலாவுக்குக் கீழே, ஸ்கேனில் டாக்டரம்மா பேனாவால் கோடு போட்டுக் காட்டிய இடத்தில், எப்போதும் ஒரு கனம். ஒரு நோயும் இல்லை என்கிறார்கள். எனக்கும் தெரியும். அவருக்கென்று ஒதுக்கி வைத்த பாகம், அது யாருடையது என்று தெரியாமல் எனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது.