தோற்ற சாம்பியனுக்கு விழுந்த கைதட்டல்

நீச்சல் குளத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். கூட நீந்தின பழைய சிநேகிதிகளுக்கு 'செகண்டு'. பள்ளிக்கூடப் போட்டியிலிருந்து தேசியப் போட்டிவரை எல்லா மேடையிலும் இரண்டாவது படியிலேயே நின்றவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? முதல் படியில் நின்றவள் எப்போதும் ஒருத்திதான். அவளை ஊரே 'சாம்பியன்' என்றது. இரண்டு பேரும் ஒரே குளத்தில், ஒரே பயிற்சியாளரிடம் கற்றவர்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஆளுக்குப் பாதியாகத் தின்றவர்கள். வம்பே அங்கேதான். முன்பின் தெரியாதவள் ஜெயித்தால் போய்த் தொலைகிறாள் என்று விட்டுவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து தின்றவள் ஜெயித்தால் வயிறு எரியத்தானே செய்யும்!

போட்டிகளை விட்ட பிறகாவது நிம்மதி வரும் என்று செகண்டு நம்பினாள். மருந்துக்கடை வைத்திருந்தவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். நகராட்சிக் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் உதைக்கவும் மூச்சு விடவும் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தாள். சாம்பியன் மகராசி சும்மா இருந்தாளா? ஒரு கட்சி கூப்பிட்டது, போனாள். தேர்தலில் நின்றாள், முதல் தடவையே ஜெயித்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த போஸ்டரில் அவள் சிரித்த சிரிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செகண்டு தினமும் பஸ்ஸுக்கு நிற்பாள். ஓட்டை எதிர்க்கட்சிக்குப் போட்டிருந்தாள். அந்த வேட்பாளர் ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அப்புறம் நீச்சல் சங்கத் தலைவர் பதவியும் சாம்பியன் மடியிலேயே வந்து விழுந்தது.

"சட்டசபையும் அவளுக்கு, சங்கமும் அவளுக்கா? தண்ணியையாவது விட்டு வைக்கக் கூடாதா?" என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

"நல்லாத்தானே செய்றாங்க. உங்க குளத்துல ஒழுகுற தொட்டியை மாத்துறதே அவங்க சொல்லித்தானே?" என்றார் கணவர்.

இதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. கெட்டவளாக இருந்து தொலைத்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவளாகவும் இருந்துகொண்டு உயிரை வாங்கினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

குளம் புதுப்பித்து முடிந்தது. திறப்பு விழாவுக்குத் தலைவரே வருகிறார் என்று சங்கச் செயலாளர் குதித்துக்கொண்டு வந்தார்.

"ரிப்பன் வெட்டினதும் பழைய தோழிகூட ஒரு போட்டி நீந்திக் காட்டுறாங்களாம். உங்களைத்தான் கேட்டாங்க, மேடம். நூறு மீட்டர், சும்மா ஜாலிக்கு." குரலைத் தாழ்த்தினார். "விருந்தாளி, மனசு கோணாம பாத்துக்குங்க."

"தெரியும் சார், பாத்துக்கறேன்" என்றாள் செகண்டு. உள்ளே என்ன நினைத்தாள் என்று நான் சொல்ல வேண்டுமா? ஒரே ஒரு தடவை. செத்துப்போவதற்குள் அவளை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும்.

மத்தியானம் பிள்ளைகள் போனதும் குளத்தில் இறங்கினாள். தோள் கெஞ்சியது, முட்டி முனகியது, அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவர் கடையிலிருந்து வலிக்குத் தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டார். "ஒரு ஜாலி நீச்சலுக்கு ஏம்மா இந்தப் பாடு?" என்று கேட்டார். அவள் மற்ற தோளையும் காட்டினாள்.

விழா அன்று உட்கார இடமில்லை, அத்தனை கூட்டம். விசில் ஊதியதும் இருவரும் பாய்ந்தார்கள். பாதி தூரம்வரை சாம்பியன் கையளவு முன்னால். திரும்பும்போது செகண்டு சுவரை உதைத்த உதை இருக்கிறதே, அத்தனை வருஷத்து எரிச்சலும் அந்தக் காலில் இருந்தது. கடைசிக் கொஞ்ச தூரத்தை மூச்சு வாங்காமல் அடித்தாள். கை சுவரில் பட்டது. திரும்பிப் பார்த்தால், சாம்பியன் அப்போதுதான் வந்து சேர்கிறாள்!

முகம் சிவக்க, பாதை பிரிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள் சாம்பியன்.

"பாவி! நெசமாவே ஜெயிச்சுட்டியேடி" என்றாள் மூச்சிரைக்க. "உன்கிட்ட தோத்துடக் கூடாதுன்னு நானும் ஒரு மாசமா திருட்டுத்தனமா நீந்திப் பழகினேன்டி."

தேன் குடித்த மாதிரி இருந்தது செகண்டுக்கு. மெடல் எதுக்கு, மாலை எதுக்கு? இந்த ஒரு வார்த்தை போதாதா!

ஆனால் கூட்டம் வேறு எதற்கோ கை தட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். "பழைய தோழிக்காக வெற்றியையே விட்டுக்கொடுத்த நம் தலைவரின் பெருந்தன்மையைப் பாருங்கள்!"

சாம்பியன் ஈரத்தோடு ஓடிப்போய் மைக்கை வாங்கினாள். "இல்லைங்க, நான் விட்டுக்கொடுக்கலை. முழு பலத்தோடதான் நீந்தினேன். அவ என்னை நேர்மையா ஜெயிச்சா."

அவ்வளவுதான். எழுந்து நின்றே தட்டினார்கள். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பியன் இன்னொரு தடவை மறுத்தாள். கைதட்டல் இன்னும் கூடியது. ஜெயித்தால் அவள் திறமை, தோற்றால் அவள் பெருந்தன்மை. அப்போ செகண்டு நீந்தினது எந்தக் கணக்கில் சேர்த்தி? துண்டைப் போர்த்திக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். ஆத்திரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டாள்.

வெளியே கணவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எவ்வளவு பெரிய மனசு பாரு அவங்களுக்கு. நீ ஒரு நன்றியாவது சொன்னியா?"

அவள் வண்டியில் ஏறவில்லை. தோளில் தைலம் தேய்த்தவர். ஊரில் ஒருத்தர் நம்பினால் போதும், அது இவராக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள்.

"நான்தாங்க ஜெயிச்சேன்" என்றாள். "சத்தியமா ஜெயிச்சேங்க."

"அட, இல்லேன்னு யார் சொன்னா? ஜெயிச்ச, ஜெயிச்ச" என்று அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "தலை ஈரமா இருக்கு பாரு, துவட்டிட்டு ஏறு."